சண்டைக்குப் பதினெட்டு மீட்டர் ஆழம்

ஃபெனுகொளு தீவில் மற்ற வீடுகளில் சண்டை வந்தால் சத்தம் கேட்கும். ஸாஹிர் வீட்டில் சண்டை வந்தால் சத்தம் நின்றுவிடும். அவனும் அவன் பெண்டாட்டி நாஹிதாவும் ஆளுக்கொரு காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், படகுத்துறையைப் பார்த்து விறுவிறுவென்று நடப்பார்கள். வழியில் கயிற்று நாற்காலிகளில் காலை நீட்டிக் கிடக்கும் ஆம்பிளைகள் காலை மடக்கி வழி விடுவார்கள்.

"இன்னிக்கு என்னவாம்?"

"தெரியல. ஆனா அவ நடையைப் பாரு. சின்ன விஷயமா இருக்காது."

இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஸாஹிர் நாஹிதாவை இரண்டு தடவை தலாக் சொல்லி, இரண்டு தடவையும் திரும்பக் கட்டிக்கொண்டவன். முதல் தடவை, சூரை வேகவைத்த நீரைச் சுண்டக் காய்ச்சுகிற மீன் பாகு அடுப்பில் அடிப்பிடித்தது யாரால் என்ற பேச்சில் வந்தது. இரண்டாம் தடவை, தோணிக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்ற பேச்சில். வார்த்தை வெளியே விழுந்த அடுத்த நொடி அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தென்னை உச்சியில் இருந்து கையை விட்டவன் மாதிரி இருக்கும். கெட்டவன் இல்லை, பாவம். கை ஓங்கினதில்லை. நல்ல மீன் துண்டைத் தன் தட்டிலிருந்து எடுத்து அவள் தட்டில் வைக்கிறவன். வாய் ஒன்றுதான் அவனுக்கு நாலு அடி முன்னால் ஓடும். சொன்ன பிறகு, கோபத்தில் சொன்னேன், சும்மா சொன்னேன் என்று மழுப்புகிற வழக்கமும் அவனிடம் கிடையாது. கோர்ட்டு என்ன சொன்னாலும் சரி, சொன்னது சொன்னதுதான் என்பான்.

இரண்டாவது தடவை சேர்த்து வைத்தபோது, தீவின் கலியாணம், தலாக் வழக்குகளைத் தீர்க்கிற காஸி தக்குரு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு முடிஞ்சுபோச்சு. இன்னும் ஒண்ணுதான் மிச்சம். அதையும் சொல்லிட்டு என்கிட்ட வந்து அழாதே. அவ வேற ஒருத்தனைக் கட்டி, அவனோட வாழ்ந்து, அவனும் விட்டாத்தான் மறுபடி உன் பேச்சு."

"யாரு அந்த வேற ஒருத்தன்?" ஸாஹிர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"பாத்தீங்களா காஸி, இதைத்தான் சொல்றேன்" என்றாள் நாஹிதா.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியிலேயே அவள் சட்டம் போட்டுவிட்டாள். "இனிமே சண்டைன்னா தண்ணிக்குள்ளதான்."

"ஏன்?"

"அங்க உன் வாயில ரப்பர் இருக்கும்."

தண்ணீருக்குள் போவது அவர்களுக்குப் புதிதில்லை. அதுதான் பிழைப்பே. துறைமுக வாய்க்கு வெளியே, மீன்பிடிப் படகுகள் சூரை மீன் தலைகளையும் குடலையும் கொட்டுகிற இடத்தில், பவளப் பார் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. அந்த விளிம்பில் புலிச்சுறாக்கள் வந்து போகும். அவற்றைப் பக்கத்தில் இருந்து பார்க்க வெள்ளைக்காரர்கள் உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வருவார்கள். ஸாஹிரும் நாஹிதாவும் அவர்களை இறக்கிக் காட்டிப் பத்திரமாக ஏற்றி விடுகிறவர்கள்.

சண்டைக்கென்று இருவருக்கும் ஒரு கை பாஷை உண்டாகிவிட்டது. விரலை நீட்டி, நெற்றியைத் தட்டி, வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டினால், "நீ, மூளை, இல்லை" என்று அர்த்தம். இது நாஹிதாவுக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம். ஸாஹிருக்குப் பிடித்தது, இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்குவது. அதற்கு "ஆண்டவனே, நீயே பார்த்துக்கோ" என்று பொருள். இதில் ஒரு சங்கடம், புலிச்சுறா பக்கத்தில் இருந்தால் அதன் கண்ணிலிருந்து நம் கண்ணை எடுக்கக் கூடாது. நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் அது மரியாதையாக ஒதுங்கிப் போகும். முதுகைக் காட்டினால் என்னவென்று விசாரிக்க வரும். அதனால் இரண்டு பேரும் சுறாவை முறைத்துக்கொண்டே ஒருவரையொருவர் திட்டுவார்கள். முதுகுத் துடுப்பு வளைந்த ஒரு கிழட்டுப் பெண் சுறா எந்தச் சண்டைக்கும் தவறாமல் வந்து, இருவருக்கும் நடுவில் மெதுவாகப் போய் வரும். கூப்பிடாமல் வந்து, ஓரக்கண்ணால் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போவதால் அதற்கு நாஹிதா "அத்தை" என்று பேர் வைத்திருந்தாள்.

காற்று முதலில் தீர்கிறவர் தோற்றவர். கோபக்காரனுக்கு மூச்சு அதிகம் செலவாகும். ஆகவே ஸாஹிர்தான் எப்போதும் தோற்பான். மேலே வந்து தோணியின் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "சரி, விடு" என்பான். அதோடு முடிந்தது. தண்ணீரில் இறங்கின எந்தச் சண்டையும் கரையேறினதில்லை.

இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, பேசும் முகமூடி வருகிற வரைக்கும்.

அன்று காலை நாஹிதா தங்கை வீட்டிலிருந்து திரும்பி வந்து அடுக்களைக் கதவைத் திறந்தால், தீவின் பூனைகள் அத்தனையும் அங்கே கூட்டம் போட்டிருந்தன. துணி துவைக்கிற தொட்டியில் சூரைத் தலைகள் மலைபோலக் கிடந்தன. மேலே ஒப்புக்குக் கொஞ்சம் ஐஸ். ஃப்ரீசர் நின்ற இடத்தில், ஃப்ரீசர் அளவுக்கு ஒரு சுத்தமான தரை.

அவள் மீன் உருண்டை செய்து விற்றுச் சேர்த்து வாங்கின ஃப்ரீசர். உருண்டைகளையும் அந்தச் சூரைத் தலைகளையும் அதில்தான் வைத்திருந்தாள்.

"ஸாஹிர்! என் ஃப்ரீசர் எங்க?"

"மொதல்ல கண்ணை மூடு."

"கண்ணைத் திறந்து பாத்தே காணோம். மூடினா வந்துடுமா?"

அவன் பின்னாலிருந்து இரண்டு முகமூடிகளை எடுத்து நீட்டினான். நெற்றி முதல் தாடை வரை மூடுகிற பெரிய முகமூடிகள். வாயில் கவ்வ ஒன்றுமே இல்லை; உள்ளேயே காற்று வந்துவிடும். பக்கவாட்டில் காதுக்குப் பக்கம் ஒரு சின்னப் பெட்டி.

"மாலே வியாபாரிகிட்ட மாத்திக்கிட்டேன். காலைப் படகுல வந்தான், வந்த படகுலயே ஃப்ரீசரோட போயிட்டான். இதைப் போட்டா தண்ணிக்குள்ள பேசலாம், நாஹிதா! நாம பேசறது மேல தோணியில ஒரு பெட்டியில கேக்கும். அவங்க பேசறது நமக்குக் கேக்கும். அத்தை வர்றப்போ நான் விருந்தாளிங்களுக்கு அங்கேருந்தே விளக்கம் சொல்லுவேன். எந்தத் தீவுல இருக்கு இது?"

ஃப்ரீசர் இல்லாமலே அவளுக்குக் கை கால் சில்லிட்டுப் போனது. உலகத்தில் அந்த ஒரு வார்த்தை நுழைய முடியாத இடம் என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தது அந்தப் பதினெட்டு மீட்டர் ஆழம் ஒன்றுதான். அதற்கும் இந்த மனுஷன் வாசல் வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறான்.

"இதைத் திருப்பிக் கொடு."

"இத்தாலிக்காரங்ககிட்ட சொல்லிட்டேனே. நாலு பேரும் தோணியில உக்காந்துட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"ஒரு சாமான் எடுக்க, ஒரு சாமான் வைக்க, எல்லாத்துக்கும் உன்கிட்ட கேக்கணுமா? நான் இந்த வீட்டுல..."

அவன் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்துவிட்டாள். மீன் பாகு அன்றைக்கும் அதே நரம்புதான்.

"தண்ணி! மொதல்ல தண்ணிக்குப் போ!"

பூனைகளைத் தாண்டிக்கொண்டு இருவரும் நடந்தார்கள். கயிற்று நாற்காலிகளில் கால்கள் மடங்கின.

தோணியின் மாலுமி மூஸாபே வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாஹிதாவுக்கு அவர் தூரத்து மாமா முறை.

"விருந்தாளிக்கா இன்னிக்கு, இல்ல உங்களுக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டும்" என்றாள் நாஹிதா.

பேசும் பெட்டியைத் தோணியின் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து ஸாஹிர் திருகிக் காட்டினான். இத்தாலிக்காரர்கள் கை தட்டினார்கள். முதலில் கேட்பது, அப்புறம் அவர்களே இறங்குவது என்று ஏற்பாடு. நாஹிதா தன் பழைய கண்ணாடியையும் ரப்பர் குழாயையும்தான் எடுத்தாள். பிறகு, விருந்தாளி முன்னால் புருஷனை விட்டுக்கொடுப்பானேன் என்று அந்தப் பூதத்தையே முகத்தில் மாட்டிக்கொண்டாள். போட்டால் என்ன, வாயைத் திறக்காமல் இருந்தால் போயிற்று. தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து கடலில் விழுந்தாள்.

கீழே எல்லாம் வழக்கம்போல் இருந்தது. கிளிமீன்கள் பவளத்தைக் கறுக்முறுக்கென்று கடிக்கும் சத்தம். பொந்துக்குள்ளிருந்து பாம்பு போன்ற அஞ்சாலை மீன் ஒன்று வாயைப் பிளந்து பிளந்து மூடியது. ஒரு ஆமை இவர்களைப் பார்த்துவிட்டு, வேண்டாத இடத்துக்கு வந்துவிட்டவள் போல நகர்ந்து போனது. விளிம்பை ஒட்டிய மணலில் இருவரும் முட்டி போட்டு உட்கார்ந்தார்கள். நீலத்துக்குள்ளிருந்து முதலில் வளைந்த துடுப்பும், பிறகு வரிவரியாய் விலாவும் வந்தன. அத்தை.

"இது எங்க அத்தை" என்று ஸாஹிர் விருந்தாளிகளின் பாஷையில் ஆரம்பித்தான். முகமூடிக்குள் அவன் குரல் வாத்துக் குரலாக மாறியிருந்தது. "வயசானவ. மூணு ஆள் நீளம். பயப்படாதீங்க. கண்ணைப் பாத்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் செய்யாது."

நாஹிதா சுறாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே விரலை நீட்டினாள். நெற்றியைத் தட்டினாள். உள்ளங்கையை விரித்தாள்.

"கை பாஷை வேணாம்" என்றான் ஸாஹிர், இப்போது தங்கள் பாஷையில். "வாயால சொல்லு. அதுக்குத்தானே இது."

அவள் மறுபடியும் நெற்றியைத் தட்டினாள்.

"இத்தனை நாளா நீதான் ஜெயிக்கிற. ஏன் தெரியுமா? உனக்கு மூச்சு நிக்குது, எனக்கு நிக்கல. அவ்வளவுதான். நியாயம் உன் பக்கம்னு அர்த்தமில்ல. ஒரு நாளாவது நான் என் பக்கத்தைச் சொல்லி முடிச்சிருக்கேனா? பாதியில காத்து தீந்துடும். இன்னிக்குச் சொல்றேன், கேளு."

இது அவளுக்குப் புதுசு. இப்படி ஒன்று அவன் மனதில் கிடந்தது என்று அவள் நினைத்ததேயில்லை. அப்படியே விட்டிருந்தால் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அவன் அடுத்ததாக, "ஒரு ஓட்டை ஃப்ரீசருக்கு இவ்வளவு கூத்து" என்று சொல்லிவிட்டான்.

செய்த சத்தியம் எங்கே போனதோ.

"ஓட்டையா? நான் விடிகாலையில எழுந்து எண்ணெயில வெந்து வாங்கினதுடா அது! மாசிக் கருவாடு இடிச்சு இடிச்சு என் தோள்பட்டை போச்சு!" அவள் குரலும் வாத்துக் குரல்தான். மேலே இத்தாலிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அவர்களுக்கு இதுவும் சுறாவைப் பற்றின விளக்கம்.

அதற்குப் பிறகு மேலே நடந்தது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. மூஸாபே காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக் கேட்டிருக்கிறார். இவ்வளவு நல்ல சரக்கு வீணாகக் கடலோடு போகிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. ரேடியோவின் கைப்பிடியை எடுத்துப் பேசும் பெட்டியின் வாயோடு சேர்த்து வைத்துக் கயிற்றால் கட்டியே விட்டார். பக்கத்துப் படகுகளில் சூரை பிடித்துக்கொண்டிருந்தவர்கள் தூண்டிலை நிறுத்திக் கேட்டார்கள். துறைமுகக் கொட்டகையில் கேட்டது. அங்கே, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, படகுகளின் ரேடியோப் பேச்சைக் கேட்டே பொழுதைக் கழிக்கும் காஸி தக்குரு தேநீரோடு உட்கார்ந்திருந்தார்.

கீழே ஒன்றும் தெரியாமல் இருவரும் எட்டுக்கட்டையில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஃப்ரீசரில் தொடங்கி தோணியின் பச்சை வண்ணத்துக்குப் போய், அங்கிருந்து அவன் அம்மா ஒரு பெருநாளன்று சொன்ன சொல்லுக்குப் போய், மீன் பாகு வரை வந்துவிட்டார்கள்.

"பாகை அடுப்புல வெச்சுட்டு நீதான் பக்கத்து வீட்டுக்குப் போனே!"

"கிளறச் சொல்லிட்டுத்தானே போனேன்!"

"சொல்லவே இல்ல!"

"சொன்னேன்! நீதான் காதுல வாங்கல! என்னிக்கு வாங்கினே?"

"நாஹிதா, வேணாம். என் வாயைக் கிண்டாதே. சொல்லிடுவேன். சத்தியமா இன்னிக்குச் சொல்லிடுவேன்."

கடல் ஒரு கணம் அசையாமல் நின்ற மாதிரி இருந்தது அவளுக்கு. அத்தை நடுவில் புகுந்து போனது. அதன் வயிற்றடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒட்டுமீன்கள் கூட இவளையே பார்ப்பதாகத் தோன்றியது.

அப்போதுதான் இருவர் காதிலும் கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"ஸாஹிர்! நான் தக்குரு பேசறேன். வாயை மூடு!"

ஸாஹிர் அண்ணாந்து பார்த்தான். மேலே வெளிச்சம் வட்டமாக மினுங்கிக்கொண்டிருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. "யா அல்லாஹ்! காஸி எப்போ மௌத்தானார்?"

"நான் உயிரோடதான் இருக்கேன், முட்டாள்! கொட்டகையில இருக்கேன். மூஸாபே ரேடியோவுல ஊரே கேட்டுக்கிட்டிருக்கு. அந்த வார்த்தையைச் சொன்னே, இத்தனை பேரும் சாட்சி. அப்புறம் மறைக்க முடியாது, மறக்க முடியாது."

"மூஸாபே!" என்று நாஹிதா அலறினாள்.

"கயிறு அவுறமாட்டேங்குதும்மா" என்றார் மூஸாபே தூரத்திலிருந்து. அவர் அவிழ்க்க முயன்றாரா என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

வாசல் திறந்ததும் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். யாரோ ஒரு பெண், "ஃப்ரீசரை எவ்வளவுக்கு மாத்தினான்னு கேளு நாஹிதா!" என்றாள். வேறு ஒருவர், "பச்சைதான் நல்லா இருந்துச்சு, ஸாஹிர் சொன்னதுதான் சரி" என்றார். அப்புறம் கனமான ஒரு குரல் சாவகாசமாக வந்தது. மீன்பிடிப் படகு ஒன்றின் தலைவன் ஜாபிர், பெண்டாட்டி இல்லாதவன், நாஹிதாவின் மீன் உருண்டைக்கு வாடிக்கை.

"விடுங்க காஸி, ஏன் தடுக்கறீங்க? அவன் சொல்லட்டும். அப்புறம் நான் இருக்கேன்ல. அந்த உருண்டைக்காகவே கட்டிக்கலாம்."

படகுகளிலிருந்து ஒரு சிரிப்பு அலை காதுக்குள் வந்து மோதியது. காஸி அன்று சொன்ன "வேற ஒருத்தன்" இத்தனை நாளும் முகமில்லாமல் இருந்தான். இப்போது அவனுக்கு முகமும் மீசையும் படகும் வந்துவிட்டன.

"ஜாபிரா?" ஸாஹிரின் முகமூடிக் கண்ணாடி ஆவி பிடித்துப் போனது. "ஓ, அப்படியா கதை! இதுக்குத்தான் அவனுக்குத் தட்டுத் தட்டா அனுப்பினியா?"

வேடிக்கை அதோடு முடிந்தது. நாஹிதாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பாருங்கள், தண்ணீருக்கடியில், முகம் முழுக்க மூடின கண்ணாடிக்குள் அழுகை வந்தால் துடைக்கவும் வழியில்லை. மூக்கைச் சிந்தவும் வழியில்லை. எல்லாம் உள்ளேயே தாடை வரை இறங்கித் தேங்கும். இந்த ஆளுக்காக மூளையைக் கசக்கி ஒரு சட்டம் போட்டு, கடலுக்கடியில் ஒரு இடத்தைப் பூட்டி வைத்தோமே, இனி எவ்வளவு காலம்தான் இவன் வாய்க்கு நான் காவல் இருப்பது என்று தோன்றிவிட்டது.

"சொல்லணும்னா சொல்லிடு, ஸாஹிர்" என்றாள். வாத்துக் குரலில்தான் சொன்னாள். ஆனாலும் படகுகளில் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் காதைப் பொத்திக்கக்கூட முடியாது. இதைக் கொண்டுவந்து மாட்டி விட்டிருக்கே. சொல்லு. மிச்சம் இருக்கிறது ஒண்ணுதானே."

"நாஹிதா, உன்னை நான்..."

கிளிமீன் பவளம் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஸாஹிரின் கழுத்து நரம்பு முகமூடி விளிம்புக்குக் கீழே புடைத்து நின்றது. அவன் தாடை அசைந்தது. அவள் அத்தையையும் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை; அவன் வாயையே பார்த்தாள்.

அவன் இரண்டு கையையும் தூக்கினான். "ஆண்டவனே, நீயே பார்த்துக்கோ" என்பதற்குத்தான் தூக்குகிறான் என்று நினைத்தாள். கைகள் வானத்துக்குப் போகவில்லை. தலைக்குப் பின்னால் போயின. வாரைப் பிடித்து இழுத்து, முகமூடியை அப்படியே முகத்திலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டான்.

குபுகுபுவென்று குமிழிகள் அவனை மறைத்தன. குமிழி விலகியபோது, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நெஞ்சில் தொங்கின பழைய உபரிக் காற்றுக் குழாயைத் தடவித் தேடிக்கொண்டிருந்தான். கிடைத்ததும் அந்த ரப்பரை வாயில் திணித்துப் பல்லால் கவ்வினான். குழந்தை வாயில் பாலூட்டி வைத்துக்கொள்கிற மாதிரி, கையால் வேறு அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

பதினெட்டு மீட்டர் ஆழத்தில், புலிச்சுறா முன்னால், கண்ணாடி இல்லாமல், ஒன்றும் தெரியாமல் அந்த மனுஷன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். மாற்றுக் கண்ணாடி எடுத்து வந்தானா? இல்லை. விருந்தாளிக்கு ஆயிரம் தடவை சொல்லுவான், தனக்கு மறந்துவிடுவான்.

காதில் ஒரே களேபரம்.

"சத்தம் நின்னுடுச்சே!"

"சொல்லிட்டானா? சொல்லிட்டானா?"

"குமிழி சத்தம் கேட்டுச்சு. சுறா எடுத்துடுச்சு அவனை!"

"இன்னாலில்லாஹி..." என்று இறந்தவர்களுக்கு ஓதுவதைக் காஸி ஆரம்பித்தே விட்டார்.

நாஹிதாவுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. முகமூடியில்லாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறவனை என்னவென்று விசாரிக்க அத்தை பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. நாஹிதா மணலைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்து, ஒரு கையால் அவன் தோள் வாரைப் பற்றி, மறு கையை அவன் தலைக்கு மேலாக நீட்டி, அந்தப் பெரிய மொண்ணை மூக்கில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினாள். கதவருகே நின்று ஒட்டுக் கேட்கிற உறவுக்காரியைத் தள்ளுகிற மாதிரிதான். அத்தை அவள் கண்ணைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். இனி இங்கே கேட்க ஒன்றுமில்லை என்று அதற்கும் பட்டிருக்க வேண்டும். வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கி நீலத்துக்குள் போய்விட்டது.

தொங்கிக்கொண்டு காற்றைக் கொட்டின முகமூடியின் விசையைத் திருகி அடைத்தாள். அப்புறம் இருவர் சிலிண்டரிலும் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற இரண்டு மீட்டர்களையும் பார்த்தாள். பார்த்ததை மறுபடியும் பார்த்தாள்.

மேலே போகலாம் என்பதற்கு அவன் கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ஒருவர் வாரை ஒருவர் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு முகமாக மெதுவாக ஏறினார்கள். மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே உடம்பைப் பழக்குவதற்காக நிற்க வேண்டும்; நின்றார்கள். ஆசாரிக் கிளாத்தி மீன் ஒன்று வந்து ஸாஹிரின் காதைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. அவன் அசையவில்லை. கண்ணை மூடியபடியே ஒரு விரலை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தான். நெற்றியைத் தட்டினான். வெறும் உள்ளங்கையை அவள் இருக்கிற திசையை உத்தேசித்து விரித்துக் காட்டினான்.

நான். மூளை. இல்லை.

அவள் அந்த உள்ளங்கையைப் பிடித்து மூடினாள். அப்புறம்தான் ஊருக்குப் பதில் சொன்னாள்.

"அவன் உயிரோடதான் இருக்கான். ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டான். எல்லாரும் ரேடியோவை அணைச்சுட்டு மீனைப் பிடிங்க. காஸி, உங்க தேத்தண்ணி ஆறிடும். ஜாபிர், இனிமே உனக்கு உருண்டை கிடையாது."

ஏணியைப் பிடித்து ஏறியதும் ஸாஹிர் ரப்பரை வாயிலிருந்து எடுத்தான். கண் இரண்டும் உப்பில் செக்கச் சிவந்திருந்தன.

"ஜாபிர் எந்தப் பக்கம் இருக்கான்?" என்று கேட்டான்.

"ரப்பரை வாயில வை" என்றாள் நாஹிதா.

வைத்துக்கொண்டான். தோணி துறைக்கு வந்து சேருகிற வரை எடுக்கவில்லை. இத்தாலிக்காரர்கள் இது ஏதோ சடங்கு என்று எண்ணி மரியாதையாகப் படம் எடுத்தார்கள். மூஸாபே மட்டும் சுக்கானைப் பார்த்தபடி, "முடிச்சு நான் நினைச்சதைவிட இறுகிப்போச்சு" என்று யாரும் கேட்காமலே இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த படகில் ஃப்ரீசர் திரும்பி வந்தது. ஒரு முகமூடியையும் பேசும் பெட்டியையும் மாலே வியாபாரி திரும்ப எடுத்துக்கொண்டான். மற்றதில் ஒரு கீறல் இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டான். அத்தையின் மூக்கைத் தள்ளப் பாய்ந்தபோது பவளத்தில் உரசின கீறல். ஜோடி போய்விட்டதால் அதற்கு இனி யாரோடும் பேச வராது.

நாஹிதா அதை அடுக்களை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். மீன் உருண்டைக்குக் கூடை கூடையாய் வெங்காயம் அரிய வேண்டியிருக்கிறதே, அப்போது போட்டுக்கொள்வாள். காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாகச் சுகமாக மூச்சு விட்டுக்கொண்டு, கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லாமல் அரிந்து தள்ளுவாள். பக்கத்தில் ஸாஹிர் வெறுங்கண்ணோடு அரிந்துகொண்டு பொலபொலவென்று அழுவான். வாசலில் பூனைகள் பார்த்திருக்கும்.

சண்டை நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள். போன வாரம்கூடத் தேங்காய் துருவியை யார் கழுவாமல் வைத்தது என்று சிலிண்டரோடு நடந்தார்கள். வாயில் ரப்பர், நடுவில் அத்தை, எல்லாம் பழையபடிதான். முன்னால் ஏறி வந்தவன் ஸாஹிர்தான்.

ஒரு விஷயம் மட்டும் அவனுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. வெங்காயம் அரிகிற நேரமாகப் பார்த்து மெதுவாக எடுப்பான்.

"நாஹிதா, அன்னிக்கு எனக்குக் கண்ணு தெரியல. நீ மீட்டரைப் பாத்திருப்பியே. யாரோட காத்து கம்மியா இருந்துச்சு? அழுதது நீ, கத்தினது நீ. நான் ஜெயிச்சிருப்பேன்ல?"

நாஹிதா கத்தியைக் கீழே வைத்து, முகமூடியின் காதுப் பெட்டியை விரலால் தட்டிக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டிவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுப்பாள்.